இரண்டு ஐஸ் கட்டியும் ஒரு புல்டோசரும்

பூசை முடிந்து சனம் மாதா கோயில் படியிறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்தபடி ஒரு மஞ்சள் புல்டோசர் சான் லினோ ஊருக்குள் நுழைந்தது. திருவிழாவுக்கு யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று நினைத்து பேண்டுக்காரர்கள் ஒரு வரவேற்பு மெட்டை எடுத்துவிட்டார்கள்.

மரியேலோஸ் உகால்தே வாய்க்குக் கொண்டுபோன கோழிச் சோற்றைத் தட்டிலேயே போட்டாள்.

"ஓட்டெடுப்பு மூணு மணிக்கு. இப்போ மணி பத்து. இது எதுக்குடி இப்பவே வருது?"

"பசிச்சிருக்கும்," என்றாள் துனியா, மென்றுகொண்டே.

துனியா ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். மரியேலோஸுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. இன்றைக்கு மட்டும் எதிர்க்கட்சி.

விவகாரம் இதுதான். ஊர் மைதானம் ஒரு பக்கம் சரிந்து கிடக்கிறது. கோல் தவறினால் பந்து நேராக ஆற்றுக்குப் போகும். பெண்கள் அணி இந்த வருஷம் மாகாணப் போட்டிக்குத் தேறிவிட்டது, மே மாதத்துக்குள் மட்டமான மைதானம் வேண்டும். ஊர் வளர்ச்சிச் சங்கத்துக்குச் சொந்தமாக ஒன்றரை ஹெக்டேர் நிலம் இருக்கிறது. ஒன்பது வருஷம் முன்பு வரை மாடு மேய்ந்த இடம், அப்புறம் சீந்துவாரில்லாமல் கிடந்து புதர்க்காடாகிவிட்டது. இரண்டு ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் சட்டப்படி அது காடே இல்லை. அதை மட்டமாக்கிவிட்டால் தீர்ந்தது என்கிறார் வளர்ச்சிச் சங்கத் தலைவர் தோன் எலாதியோ கஸ்கான்ட்டே. மட்டமாக்கினால் நானும் தீர்ந்தேன் என்று நினைக்கிறாள் மரியேலோஸ். பக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை. அந்த ஒன்பது வருஷமும், மழையோ வெயிலோ, அந்தப் புதருக்குள் நுழைந்து இலை இலையாகச் சூடு பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். முதல் வருஷம் அங்கே புல்லும் கொய்யாவும்தான். இப்போது அறுபத்தொரு வகைச் செடி கொடி மரம். ஒவ்வொன்றுக்கும் அவள் செல்லப் பேர் வைக்காத குறை.

லாரி நின்றது. ஓட்டுநர் குதித்தார். மலைப்பக்கத்திலிருந்து வாடகைக்கு வந்தவர், பெயர் கிரெய்வின், இந்த ஊரை இதற்கு முன் கண்ணால் கண்டதில்லை. மரியேலோஸ் தட்டோடு அந்தப் பக்கம் நகர்ந்தபோது தோன் எலாதியோ அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரிய அத்தியிலேர்ந்து இருநூறு மீட்டர் தெற்கே. இடது கைப் பக்கம் பச்சை கேட்டு. தொறந்து உள்ள போ."

"உள்ள என்ன இருக்கு தலைவரே?"

"என்ன இருந்தா உனக்கென்ன? இருக்கிறதை எல்லாம் தள்ளு. தரை கேரம் போர்டு மாதிரி ஆகணும். எவனாவது வந்து கத்தினா, தலைவர் சொன்னார்னு சொல்லு."

கிரெய்வின் அதை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். அப்புறம் தலைவர் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார், அது பேண்டு சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

பெரிய அத்தி இருபத்தாறு வருஷம் முன்பு ஒரு புயலில் விழுந்துவிட்டது. வேரைக்கூடத் தோண்டி எடுத்து அந்த இடத்தில் பேருந்து நிறுத்தம் கட்டியாகிவிட்டது. ஆனாலும் சான் லினோவில் எல்லா விலாசமும் அந்த அத்தியிலிருந்துதான் தொடங்கும். கல்யாணப் பத்திரிகை, மின்சார பில், எல்லாம். அதில் ஏதும் விசித்திரம் இருப்பதாக மரியேலோஸுக்குத் தோன்றவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

அவளுக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இன்னும் ஐந்து மணி நேரம்.

பத்தரைக்குச் சமுதாயக் கூடத்தில் மைக் வைத்தார்கள். ஓட்டுக்கு முன்னால் இரண்டு தரப்பும் பேசலாம். தகரக் கூரைக்கடியில் நூற்றிருபது பேர், கையில் விசிறியாகத் திருவிழா நோட்டீஸ். ஏப்ரல் மாதம், ஒரு வாரமாகச் சொட்டு மழையில்லை, மூன்று பக்கமும் அன்னாசி வயல் வேகிறது.

மரியேலோஸ் எழுதி வைத்திருந்த பேச்சின் முதல் வார்த்தை 'என்ட்ரோப்பி'. அதைச் சொன்னதுமே மூன்றாவது வரிசையில் ஒருவர் கண்ணை மூடினார். அவள் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"போன வருஷத் திருவிழாவுக்குப் பன்னி அடிச்சோமே, ஞாபகம் இருக்கா?"

கண்ணை மூடியவர் திறந்தார்.

"முதுகுக்கறி வறுவலுக்குப் போச்சு. தோலை மொறுமொறுன்னு பொரிச்சோம். ரத்தத்தைக் குடல்ல அடைச்சோம். கொழுப்பை எடுத்து மாவு பிசைஞ்சோம். எலும்பு சூப்பு. காது, காலு, வாலு எல்லாம் பீன்ஸ் பானையில. கடைசியில நாய்ங்க வந்து நம்மளை ஏக்கமா பார்த்துட்டுப் போச்சு. ஏன் ஒண்ணும் மிஞ்சலை? சமையக்கட்டுல இருபது கை. ஒரே ஆளா இருந்தா முதுகுக்கறியை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை வெயில்ல போட்டிருப்பான், ஊரே நாறியிருக்கும்."

"சரி, பன்னிக்கும் புதருக்கும் என்ன சம்பந்தம்?" என்றது ஒரு குரல்.

"வெயிலும் பன்னிதான். தினமும் மேலேர்ந்து ஒண்ணு விழுது. இந்தத் தகரக் கூரை அதுல ஒரு வாய்கூடத் தின்னாது, அப்படியே சூடா நம்ம மண்டையில திருப்பித் தள்ளும். அன்னாசி வயல் ரெண்டு வாய் தின்னும். அந்தப் புதர்ல அறுபத்தொரு கை இருக்கு. மேல் இலை தின்னு மிச்சம் வச்சதை நடு இலை, அது விட்டதைக் கீழ் இலை, அதுக்கும் கீழ பாசி, பூஞ்சை. வேரு தண்ணியை இழுத்து மேல ஏத்துது, இலை அதை ஆவியாக்கி ஊதித் தள்ளுது, அந்த வேலைக்கே வெயிலோட முறுக்கு பூராவும் இறங்கிடுது. சூடு எங்கேயும் காணாம போறதில்லை. ஆனா பிழிஞ்ச சக்கையா, ஆறிப்போய் வெளிய போகுது. அப்படிச் சக்கையாகிறதுக்குத்தான் என்ட்ரோப்பி ஏறுதுன்னு பேரு. காடு முத்த முத்த நல்லாப் பிழியும். பிழியப் பிழிய அந்த இடம் குளுமை. நீங்க அலங்கோலம்னு சொல்றீங்களே, அது இருபது பேர் நிக்கிற சமையக்கட்டு. உள்ள போய்ப் பார்த்தா அலங்கோலமாத்தான் இருக்கும்."

கூடம் சிரித்தது. தோன் எலாதியோவும் சிரித்தார். அதுதான் ஆபத்து. அவர் சிரித்தால் பதில் தயார் என்று அர்த்தம்.

"அப்போ என் வீட்டுச் சமையக்கட்டு கெடக்கிற கெடையும் விஞ்ஞானம்தானா?"

"நீ வந்து ஒருநாள் பாத்திரம் தேய், விஞ்ஞானம் தெரியும்," என்று பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னதில் சிரிப்பு இரட்டிப்பாயிற்று.

மரியேலோஸ் சூடு பார்க்கும் கருவியை, துப்பாக்கி மாதிரி இருப்பதை, எடுத்துக் கூரையை நோக்கிச் சுட்டாள். "அறுபத்திரண்டு டிகிரி. இதே நேரத்துல புதரோட உச்சி இலை முப்பது. நானே அளந்தது."

"அந்தத் துப்பாக்கியா?" தலைவர் மைக்கைப் பிடுங்கினார். "பெருந்தொத்து சமயத்துல ஆஸ்பத்திரி வாசல்ல என் நெத்தியில வச்சாங்க பாருங்க. முப்பத்தொண்ணுன்னு காட்டுச்சு. அதை நம்பினா நான் செத்து நாலு வருஷம் ஆச்சு. பாப்பா, குளிர்ச்சின்னா என்னன்னு ஊருக்குத் தெரியும். குளிர்ச்சின்னா ஐஸ்."

அந்த வார்த்தையில் எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. வாசலில் மின்ச்சோ தன் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார். ஐஸ் சீவி, சிவப்புப் பாகு ஊற்றி, பால்மாவு தூவி அவர் தரும் கோப்போவுக்குப் பதினைந்து வருஷமாக ஊரே அடிமை.

மரியேலோஸ் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் பயந்திருப்பாள்.

"அப்போ ஐஸையே கேட்போம் தோன் எலாதியோ. மின்ச்சோ ஒரு கட்டியை ரெண்டா அறுக்கட்டும். ஒண்ணு இங்க, உங்க கூடத்துல, நிழல்ல. ஒண்ணு என் புதருக்குள்ள. ரெண்டு மணிக்கு எது பெருசா இருக்கோ அது சொல்றபடி."

"எது பெருசா இருந்தா என்ன?"

"என்னோடது பெருசா இருந்தா, நீங்க தலைவரா இருக்கிற வரைக்கும் புதர்மேல கை வைக்கக் கூடாது. உங்களோடது பெருசா இருந்தா நானே கையைத் தூக்கி உங்களுக்கு ஓட்டுப் போடறேன்."

"அதோட அந்த வார்த்தையை இனிமே இந்த ஊர்ல சொல்லக் கூடாது," என்றார் தலைவர். "அந்த என்ட்ரோப்பியை."

"சரி."

"மைக்ல சொல்லு."

சொன்னாள். அவரும் சொன்னார். நூற்றிருபது சாட்சி.

மின்ச்சோ ரம்பத்தால் கட்டியை நடுவில் அறுத்தார். இரண்டும் ஒரே எடை, கசாப்புத் தராசில் பார்த்தாகிவிட்டது. அறுக்கும்போது அவர் தோள் குலுங்கிக்கொண்டேயிருந்தது. அழுகிறாரா என்று மரியேலோஸ் குனிந்து பார்த்தாள். சிரிக்கிறார்.

"என்ன மின்ச்சோ?"

"ஒண்ணுமில்லம்மா. வயசாச்சு."

கூடம் முழுக்கப் பந்தயம் கட்டத் தொடங்கிவிட்டது, தோற்றவர் கோப்போ வாங்கித் தரணும் என்று. யார் மேல் கட்டுகிறீர்கள் என்று மின்ச்சோவைக் கேட்டார்கள். "நான் ஆட்டத்துக்கு வரலை, பாவம் சேரும்," என்று அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

காவலுக்கு ஆள் வேண்டும். எதிர்க்கட்சிக்காரர்தான் எதிர்க்கட்சி ஐஸுக்குக் காவல் என்று முடிவாயிற்று. மைதானம் வேண்டும் என்கிற துனியா புதருக்குள் போனாள். மரியேலோஸ் கூடத்தில், தட்டில் உட்கார்ந்திருந்த ஐஸுக்கு எதிரே, நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மணி பதினொன்றரை.

தோன் எலாதியோ முதல் காரியமாகக் கூடத்து மின்விசிறியைத் தூக்கி வந்து ஐஸுக்கு நேராக வைத்து முழு வேகத்தில் சுழலவிட்டார்.

மரியேலோஸ் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இரண்டு நிமிஷம் மூடிக்கொண்டும் இருந்தாள். ஆனால் ஒன்பது வருஷமாக ஒழுங்காக அளந்து பழகிய கை, கண் முன்னால் ஒரு சோதனை கெடுவதைப் பொறுக்கவில்லை.

"தோன் எலாதியோ, அதை அணைச்சிடுங்க. காத்து பட்டா ஐஸ் வேகமா கரையும். வேர்த்த உடம்புல பட்டாத்தான் குளுகுளுன்னு இருக்கும். ஐஸுக்கு வேர்க்காது. சுத்தி இருக்கிற சூட்டை அள்ளி அள்ளி அதுமேல கொட்டும்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு நல்லது சொல்றியாக்கும்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"புரியுது புரியுது," என்றார். போய் வீட்டிலிருந்து இரண்டாவது விசிறியைக் கொண்டுவந்தார்.

பன்னிரண்டரைக்கு மூன்றாவது விசிறி வந்தது, பாதிரியார் அறையிலிருந்து. பாதிரியாரும் கூடவே வந்து வேர்வையைத் துடைத்தபடி உட்கார்ந்துகொண்டார். மூன்று விசிறியும் சூறாவளி மாதிரி ஊத, ஐஸ் கட்டி செங்கல் அளவிலிருந்து சோப்புக்கட்டி அளவுக்கு இறங்கியது. தலைவர் அதன் மேல் நிழல் போதவில்லை என்று தொப்பியைப் பிடித்தார். அப்புறம் விசிறிகளைக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். ஒரு மணிக்கு அது சாவி அளவு. ஒன்று இருபதுக்குத் தட்டில் ஐஸ் இருந்ததற்கு அத்தாட்சியாகக் கொஞ்சம் தண்ணீர். அதையும் யாரோ வழிப்போக்கர் எடுத்துக் குடித்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் குடித்தவர்.

தோன் எலாதியோ நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்கேயும் கரைஞ்சிருக்கும். சமன்."

"ரெண்டு மணிக்குப் பார்த்துடுவோம்," என்றாள் மரியேலோஸ். புதருக்குள் காற்று இருபத்தெட்டு டிகிரி என்று அவளுக்குத் தெரியும். ஆனால் துனியாவைத் தெரியும் என்று சத்தியம் செய்ய முடியாது. அந்தக் கழுதைக்குத் தாகம் எடுத்திருந்தால்?

கோயில் கடிகாரம் இரண்டு அடித்தது. இரண்டாவது அடி ஓய்வதற்குள், தெற்கே எங்கோ ஒரு இயந்திரம் உறுமியது.

டுர்ர்ர்.

கூடமே எழுந்து நின்றது. விசிறிகள் மட்டும் சுற்றின. தலைவரின் முகத்தில் ஒரு நினைவு மெதுவாக ஏறி வருவதை மரியேலோஸ் பார்த்தாள்.

"தோன் எலாதியோ. அந்த ஆள்கிட்ட எத்தனை மணின்னு சொன்னீங்க?"

"சாப்பிட்டுட்டு... ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிடுன்னு... காலையிலம்மா. ஐஸ் பேச்சு வர்றதுக்கு முன்னாடி. ஓட்டு எப்படியும் எனக்குத்தான்னு..."

"போன் பண்ணுங்க."

"நம்பர் வாங்கலை."

அதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள். ஒன்பது வருஷம். ஒரு புல்டோசருக்கு ஒன்பது நிமிஷம் போதும். பேருந்து நிறுத்தத்தைக் கடந்து தெற்கே திரும்பினாள். பின்னால் தலைவர், பாதிரியார், ஒரு கையில் தட்டும் மறு கையில் செருப்புமாக முக்கால்வாசி ஊர், அதற்கும் பின்னால் பேண்டுக்காரர்கள். ஓடும்போது வாசிக்க வேண்டாம் என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பெரிய மேளம் தட்டுகிறவர் தாளத்தைத் தவறவிடாமல் ஓடினார். பார்த்தவர்கள் இதுவும் திருவிழாவில் ஒரு அங்கம் என்று நினைத்துச் சேர்ந்துகொண்டார்கள்.

இருநூறு மீட்டர். இடது கைப் பக்கம். பச்சை கேட்டு.

கேட்டு சாத்தியிருந்தது. அதன் மேல் ஒரு ஓணான் வெயில் காய்ந்தது. வேலியோரம் மின்ச்சோவின் வண்டி நின்றது. உள்ளே கொடியும் இலையும் மரமும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பச்சைப்பசேலென்று நின்றன. இலைகளை விலக்கிக்கொண்டு துனியா வந்தாள். கன்னத்தில் ஒரு பெரணி இலை அச்சு அப்படியே பதிந்திருந்தது.

"நான் ஒண்ணும் தூங்கலை," என்றாள் முதல் வார்த்தையாக. "என்னடி, ஊரே திரண்டு வருது? மணி ரெண்டாச்சா?"

"ஐஸ்?"

துனியா கையிலிருந்த தட்டை நீட்டினாள். அதில் ஐஸ் கட்டி, ஓரம் மழுங்கி, பெரிய மாங்காய் அளவுக்கு மினுமினுத்தது.

நூறு தொண்டையிலிருந்து ஒரே சத்தம் எழுந்தது. பந்தயத்தில் ஜெயித்தவர்கள் தோற்றவர்களின் முதுகில் அறைந்தார்கள். மரியேலோஸ் துனியாவைக் கட்டிக்கொண்டாள். ஐஸ் நடுவில் மாட்டி இருவர் சட்டையும் நனைந்தது.

டுர்ர்ர்ர் என்றது தூரத்தில்.

எல்லோரும் நின்றார்கள். புல்டோசர் இங்கே இல்லை. அப்படியென்றால் எங்கே எதைத் தள்ளுகிறது?

அப்போது சாலை வளைவில் ஒரு வெள்ளைக் குதிரை நிதானமாக நடந்து வந்தது. கழுத்தில் கயிறு, வாயில் யாருடைய வாழைக்குலையிலிருந்தோ உருவிய ஒரு சீப்பு.

"மினிஸ்ட்ரோ?" என்றார் தோன் எலாதியோ.

குதிரை ஊர்வலங்களில் மூன்று மாகாணப் பரிசு வாங்கிய குதிரை அது. தலைவரின் உயிர். அவர் வீட்டுக்குப் பின்னால், ஆற்றுப் பாலத்துக்குத் தெற்கே இருநூறு மீட்டரில், அதற்கென்றே ஒரு விசாலமான கொட்டடி, முன்னால் ஓடிப் பழகப் பெரிய திடல். சங்கத்துக் கேட்டுக்கு வாங்கிய பச்சை வண்ணத்தில் மிச்சத்தைத் தலைவர் அந்தக் கொட்டடிக் கேட்டுக்கும் அடித்திருந்தார். அது ஊருக்கே தெரியும், யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

"பாலம்," என்றாள் மரியேலோஸ் மெதுவாக. "பாலத்துக்கிட்ட ஒரு மரம் இருக்கே."

"அது பாலத்து மரம்," என்றார் பாதிரியார்.

"அது என்ன மரம் ஃபாதர்?"

எல்லோரும் யோசித்தார்கள். நாற்பது அடி உயரம், விழுதும் வேருமாக ஒரு வீடே உட்காரலாம். சான் லினோவில் ஒருவர்கூட அதை அத்தி என்று சொன்னதில்லை. அத்தி என்றால் விழுந்துபோனதுதான். ஆனால் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், பெரிய அத்தி எங்கே என்று கண்ணால் தேடினால்...

தோன் எலாதியோ எல்லோருக்கும் முன்னால் ஓடினார். அறுபத்தெட்டு வயதில் அப்படி ஓடுகிற ஒருவரை மாகாணப் போட்டிக்கே அனுப்பலாம் என்று துனியா பின்னால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொட்டடி இருந்த இடம் கேரம் போர்டு மாதிரி இருந்தது. குதிரை தாண்டிப் பழகும் மேடு இல்லை. வெள்ளை வேலி இல்லை. தண்ணீர்த் தொட்டி இல்லை. கிரெய்வின் கடைசி மூலையைத் தட்டி முடித்துவிட்டு, வண்டியை அணைத்து, இறங்கி, தொப்பியைக் கழற்றினார். நல்ல வேலைக்காரர். அரை மணி வேலையைப் பதினைந்து நிமிஷத்தில் முடித்திருந்தார்.

"தலைவரே, குதிரை ஒண்ணு நின்னுது. அதை மட்டும் வெளிய விட்டேன். மத்தபடி நீங்க சொன்ன மாதிரி, இருந்ததை எல்லாம் தள்ளிட்டேன். ஒரு அம்மா வந்து கத்தினாங்க. தலைவர் சொன்னார்னு சொன்னேன்."

அந்த அம்மா, தலைவரின் மனைவி, ஒரு கவிழ்ந்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். "எனக்கும் அதேதான் தோணுச்சு," என்றார். "இந்த வேலையை வேற யாரு சொல்லியிருக்க முடியும்?"

தோன் எலாதியோவின் குரல் மெல்லிசாக வந்தது. "திரும்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிடு."

கிரெய்வின் மரியாதையாக யோசித்தார். "தலைவரே, கலைக்கிறதுக்கு என்கிட்ட வண்டி இருக்கு. எப்படி இருந்துச்சோ அப்படியே திரும்ப வைக்கிற வண்டி, இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எந்தக் கம்பெனியும் இன்னும் விக்கலை."

கலைந்தது தானாகத் திரும்பாது என்று ஒன்பது வருஷமாக மரியேலோஸ் ஊருக்குப் புரியவைக்க முயன்றதை, மலைப்பக்கத்து ஓட்டுநர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை. துனியாவுக்கும் தொற்றியது. பாதிரியார் தூணைத் தேடினார், தூண் தள்ளப்பட்டிருந்தது, பெரிய மேளத்தின் மேல் சாய்ந்துகொண்டு குலுங்கினார்.

"சிரிக்காதீங்க," என்றார் தலைவர். "பந்தயமும் செல்லாது. அந்த ஐஸ் விசிறியாலதான் கரைஞ்சது. இவளே சொன்னா. எல்லாரும் கேட்டீங்க."

சிரிப்பு நின்றது. அது உண்மை. மரியேலோஸ் மறுக்கவில்லை. "ஆமா, விசிறி ஓடலைன்னா கூடத்துலயும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. சோதனை கெட்டுப்போச்சு." மூன்று மணிக்கு இன்னும் அரை மணி. புல்டோசர் இன்னும் சூடு ஆறவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார் மின்ச்சோ.

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். "என்ட்ரோப்பி கிண்ட்ரோப்பி எனக்குத் தெரியாது. பன்னெண்டு மணிக்குக் கோயில் முன்னாடி வண்டியை நிறுத்தினா, விசிறி இல்லாம, பெட்டிக்குள்ள, சாக்கு சுத்தி, மூணு மணிக்கெல்லாம் ஐஸ் தீர்ந்திடும். புதரோரமா நிறுத்தினா அஞ்சு மணிக்கும் சீவலாம். பள்ளிக்கூடம் விட்டப்புறம் நான் எங்க வண்டியை விடறேன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அங்கதான்."

"அங்க எப்பவுமே குளுமைதான்னு சொல்லு," என்றார் தலைவர். "பள்ளமான இடம். அதுக்கும் செடிக்கும் என்ன?"

"எப்பவுமே எங்க? மாடு மேய்ஞ்ச காலத்துல அங்கயும் மூணு மணிக்குத் தண்ணிதான். புதர் தலைக்கு மேல வந்தப்புறம் மூணரை. இந்தக் கொடியெல்லாம் ஏறினப்புறம் நாலரை. இப்போ அஞ்சு. அது வளர வளர என் ஐஸு நிக்குது."

மரியேலோஸ் பையிலிருந்து நோட்டை எடுத்தே விட்டாள். "மின்ச்சோ, இதை ஏன் இத்தனை வருஷமா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க எல்லாரும் அங்க வந்து நிப்பீங்க. அப்புறம் எனக்கு எங்க நிழல்?"

தோன் எலாதியோ சுற்றிலும் பார்த்தார். ஒரு பக்கம் மின்ச்சோவின் வண்டி. ஒரு பக்கம் துனியாவின் கையில் இன்னும் கரைந்து தீராத ஐஸ். நடுவில் தன்னுடைய கேரம் போர்டு. அதில் ஏற்கெனவே பெண்கள் அணியின் நாலு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கிருந்தோ கிடைத்த பந்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துனியா ஐஸை மின்ச்சோவிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பந்தை நடுவில் வைத்தாள். அது எந்தப் பக்கமும் உருளவில்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்படி ஒரு அதிசயத்தை சான் லினோ பார்த்ததே இல்லை.

"அகலம் எத்தனை?" என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

"சரியா இருக்கு தோன் எலாதியோ," என்றாள் துனியா. "கோல் போஸ்ட்டு மட்டும் வேணும். உங்க பேரை எழுதிடலாம்."

"பெரிய எழுத்துல," என்றார் அவர் மனைவி.

"குதிரைக்கு?"

"புதரோரத்துல நிழல் இருக்கே," என்றார் மின்ச்சோ, அலுத்துக்கொண்டு. "இனிமே எல்லாரும் அங்கதான வரப் போறீங்க."

மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு நடந்தது. புதருக்குக் கை தூக்குங்கள் என்று தலைவர் கேட்டபோது அவர் கையே முதலில் மேலே போனது. இன்னொரு கையில், ஜெயித்த ஐஸிலிருந்து மின்ச்சோ சீவிக் கொடுத்த கோப்போ. சிவப்புப் பாகு மீசையில் ஒட்டியிருந்தது. "அந்த வார்த்தையை இனிமே சொல்லிக்கோ," என்றார் மரியேலோஸிடம். "ஆனா மைக்ல வேணாம்."

அவள் எல்லோருக்கும் முன்னால் அவர் கன்னத்தில் முத்தமிட்டு, மீசைப் பாகை ஒட்டவைத்துக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் பக்கத்து ஊர் அணி ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு வருகிறோம் என்று போன் செய்தது. மைதானம் எங்கே என்று கேட்டார்கள். துனியா போனைக் கையால் பொத்திக்கொண்டு தலைவரைப் பார்த்தாள்.

"அத்தியிலேர்ந்துன்னு சொல்லிடாதே," என்றார் அவர் பதறிப்போய். "எவனாவது இன்னொரு வண்டியோட வந்துடுவான்."

துனியா ஒரு நொடி யோசித்தாள். பிறகு போனை எடுத்து, பிறந்ததிலிருந்தே சொல்லி வருகிற விலாசத்தைப் போலச் சரளமாகச் சொன்னாள்:

"தோன் எலாதியோ கொட்டடி இருந்த இடம் தெரியுமில்ல? அதேதான். ஆமா, இருந்த இடம்."